காது வெளுத்த முயல்

மலேசியாவின் கேமரன் மலையில் வளர்ந்த கலிபோர்னியன் முயலுக்கு மூக்கு, காது, பாதம், வால் எல்லாம் கன்னங்கரேலென்று இருக்கும். உடம்பு பால்வெள்ளை. அதைச் சிம்பாங் பூலாய்ச் சாலை வழியாக ஈப்போவுக்கு இறக்கி, புந்தோங்கிலோ குனோங் ராப்பாட்டிலோ வீட்டுப் பின்கட்டில் கூண்டு கட்டி விட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. முடி உதிர்ந்து புதுமுடி முளைக்கும்போதுதான் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். காதின் கறுப்பு சாம்பலாகும். பாதத்தில் வெள்ளை கலக்கும். மூக்கில் மட்டும் ஒரு பழுப்புத் திட்டு மிஞ்சும். கலப்பினத்தைத் தலையில் கட்டிவிட்டார்களோ, தீனியில் சத்துப் போதவில்லையோ, தோல் நோயோ என்று வாங்கியவருக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சந்தேகம் வரும்.

மூன்றும் இல்லை. முயலும் அதேதான், அதன் மரபணுவும் அதேதான். மாறியது ஊரின் வெப்பம். கேமரன் மலையில் சராசரி வெப்பம் 18 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கிறது. ஈப்போ இருக்கும் கிந்தாப் பள்ளத்தாக்கில் உச்சிவெயில் 32, 33 டிகிரியைத் தொடுகிறது. இந்த இனத்தின் கறுப்பு, வெப்பத்தைப் பார்த்து நடந்துகொள்ளும் கறுப்பு.

ரோமத்துக்கு நிறம் தருவது மெலனின் என்ற நிறமி. அதை உருவாக்கும் வேலையின் முதல் படியைச் செய்வது டைரோசினேஸ் என்ற நொதி. கலிபோர்னியன் முயலிலும் அதன் முன்னோரான ஹிமாலயன் முயலிலும் இந்த நொதிக்கான மரபணுவில் ஒரு சிறு மாற்றம் இருக்கிறது. அதனால் நொதி உருவாகிறது, ஆனால் சூட்டைத் தாங்குவதில்லை. 35 டிகிரிக்கு மேல் அது செயலிழக்கும். 15 முதல் 25 டிகிரிக்குள் நன்றாக வேலை செய்யும். முயலின் உடல் வெப்பம் 39 டிகிரியை ஒட்டியது, ஆகவே உடம்பில் கறுப்பு உண்டாக வழியில்லை. மூக்கு, காது, பாதம், வால் ஆகியவை உடம்பைவிடக் குளிர்ந்தவை என்பதால் அங்கே மட்டும் நிறம் பிடிக்கிறது. கண்ணின் உட்புறம் சூடாகவே இருப்பதால் அங்கும் நிறமி இல்லை. இந்த முயல்களின் கண் சிவந்து தெரிவது அதனால்தான்.

இது வெறும் ஊகமல்ல. ஹிமாலயன் முயலின் முதுகில் முடியை மழித்து, அந்த இடத்தில் பனிக்கட்டிப் பொதி கட்டி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளை முடி இருந்த இடத்தில் கறுப்பு முடி முளைத்தது. 30 டிகிரிக்கு மேல் வைத்து வளர்த்தால் கறுப்பே தோன்றுவதில்லை. தாயின் கருப்பையில் வெப்பம் ஒரே சீராக இருப்பதால் குட்டிகள் முழு வெள்ளையாகப் பிறக்கின்றன. கூட்டிலிருந்து தவறி வெளியே விழுந்து குளிரில் கிடந்த குட்டிக்கு முதுகில் சாம்பல் படர்வதைக் குளிர்நாட்டு வளர்ப்பாளர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். அடுத்த முடி வரும்போது அது மறைந்துவிடும்.

காதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முயலுக்கு நம்மைப் போல வியர்வை வராது. உடற்சூட்டை வெளியேற்ற அதற்கு இருக்கும் பெரிய வழி காதுதான். உடலின் மேற்பரப்பில் சுமார் 12 விழுக்காடு காது. வெயில் ஏற ஏற காதின் இரத்தக் குழாய்கள் விரிந்து, சூடான இரத்தம் அதில் நிறைந்து ஓடும். மதியம் இரண்டு மணிக்கு ஈப்போவில் தகரக் கூரைக்குக் கீழே நிற்கும் முயலின் காதை விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், இரத்தக் குழாய்கள் புடைத்து மரக்கிளைபோலத் தெரியும். குளிர்ந்திருக்க வேண்டிய காது அப்போது உடம்பின் சூட்டை நெருங்கிவிடுகிறது, நொதியும் படுத்துவிடுகிறது. காது வெளுப்பது முயல் தன்னைக் காத்துக்கொள்வதன் அடையாளம். அதைக் குறையாகப் பார்ப்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

முடி வளரும்போது மட்டுமே அதற்குள் நிறமி போகும், வளர்ந்து முடித்தபின் போகாது. மலையிலிருந்து கறுப்போடு வந்த முயல் அடுத்த முடி உதிர்வு வரைக்கும் கறுப்பாகவே இருந்து ஏமாற்றுவது இதனால்தான். எந்த முடி எந்த வெப்பத்தில் முளைத்தது என்பது அதன் நிறத்திலேயே பதிவாகியிருக்கிறது.

முயலின் ரோமத்தில் எந்தக் குறை தெரிந்தாலும், பிறவியில் வந்ததா, ஊரின் வெப்பமும் ஈரமும் தந்ததா, பூச்சியோ பூஞ்சையோ கொண்டுவந்ததா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். மாற்றிப் புரிந்துகொண்டால் நல்ல முயலைக் கழித்துக்கட்டுவோம், ஒதுக்க வேண்டியதை வைத்துக் குட்டி எடுப்போம். ஈப்போவில் ஒரு கலிபோர்னியனைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் அதே கொட்டகையில், அதே வயதில், அதே மாதத்தில் முடி மாற்றிய உடன்பிறப்புகளோடுதான் ஒப்பிட வேண்டும். மலைநாட்டு முயலின் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் பிடித்துப் பார்ப்பதில் பயனில்லை.

மரபின் பக்கம் போவோம். டைரோசினேஸ் மரபணு பல வடிவங்களில் வருகிறது. வளர்ப்பாளர்கள் இதைச் ‘சி’ வரிசை என்பார்கள். முழு நிறம் தரும் வடிவம் எல்லாவற்றுக்கும் மேலே. அதற்குக் கீழே சின்சில்லா, அதற்கும் கீழே ஹிமாலயன், கடைசியில் அல்பினோ. மேலே உள்ளது கீழே உள்ளதைப் பெரும்பாலும் மறைத்துவிடும். அல்பினோ வடிவம் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டும் சேர்ந்து வந்தால்தான் முயல் வெள்ளையாகும். இறைச்சிக்காக எங்கும் வளர்க்கப்படும் நியூசிலாந்து வெள்ளை அப்படிப்பட்டதுதான். கலிபோர்னியன் 1920களில் அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்ட் என்பவர் ஹிமாலயன், சின்சில்லா, நியூசிலாந்து வெள்ளை மூன்றையும் கலந்து உருவாக்கிய இனம். ஆகவே கலிபோர்னியனையும் நியூசிலாந்து வெள்ளையையும் சேர்த்தால் பிறக்கும் குட்டிக்கு ஹிமாலயன் வடிவம் ஒன்று, அல்பினோ வடிவம் ஒன்று. அதன் மூக்கும் காதும் இயல்பிலேயே சற்று வெளிறும். ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்து வெயில் அதை இன்னும் வெளுக்க வைக்கும். இந்த ஒரு இடத்தில் மட்டும், கலப்பினமோ என்று வாங்கியவர் பட்ட சந்தேகத்துக்கு நியாயம் உண்டு. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. நல்ல கலிபோர்னியனோடு சேர்த்து, வரும் குட்டிகளைப் பார்த்தாலும் தெளிவு கிடைக்காது. ஒரு நியூசிலாந்து வெள்ளையோடு சேர்த்தால்தான் விடை வரும்: கலப்பினமாக இருந்தால் குட்டிகளில் ஏறக்குறையப் பாதி சுத்த வெள்ளையாகப் பிறந்து, வளர்ந்தும் வெள்ளையாகவே இருக்கும்.

வெள்ளை முயல் பெரிய மர்மப் பெட்டி. அதற்குள் கறுப்பு, பழுப்பு, நீலம், புள்ளி என்று எதற்கான மரபணுவும் இருக்கலாம். நிறமியே உருவாகாதபோது அவை எதுவும் வெளியே தெரியாது. வெள்ளைப் பெண்ணைக் கறுப்பு ஆணோடு சேர்த்துப் பலநிறக் குட்டிகள் வந்தால், பக்கத்துவீட்டு ஆண் கூண்டைத் தாண்டி வந்துவிட்டதாக நினைப்பார்கள். அந்த நிறங்கள் தாய்க்குள்ளேயே இருந்தவை.

தமிழ்நாட்டில் இந்தச் ‘சி’ வரிசையின் வேறுபாட்டைக் கண்கூடாகப் பார்க்க ஓர் இடம் உண்டு. கொடைக்கானலுக்கு அப்பால் மன்னவனூரில், ராஜஸ்தானின் அவிகாநகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இயங்குகிறது. அங்கே ‘ஒயிட் ஜெயண்ட்’ என்ற வெள்ளை இனத்தையும், ‘சோவியத் சின்சில்லா’ என்ற சாம்பல் இனத்தையும் அருகருகே வளர்க்கிறார்கள். சின்சில்லாவின் முதுகில் மெல்ல ஊதினால் ரோமம் பூப்போல விரிந்து வட்ட வட்டமாக வளையங்கள் தெரியும். அடியில் கரும் சாம்பல், நடுவில் முத்து வெள்ளை, நுனியில் கறுப்பு. சாதாரணக் காட்டு நிற முயலை ஊதினால் நடு வளையம் மஞ்சளாக இருக்கும். சின்சில்லா வடிவ மரபணு அந்த மஞ்சளை மட்டும் துடைத்துவிட்டுக் கறுப்பை ஏறக்குறைய அப்படியே விட்டுவைக்கிறது. ஒரே மயிரிழை வளரும்போது இடையில் கறுப்பை நிறுத்தி மஞ்சளை விட்டு, மறுபடி கறுப்புக்கு மாற்றும் வேலையைச் செய்வது ‘அகூட்டி’ என்ற வேறொரு மரபணு. அது கெட்டுப்போனால் வளையமே இருக்காது, மயிர் முழுக்க ஒரே நிறமாகிவிடும். நம் வீட்டுக் கறுப்பு முயல்கள் பலவும் அப்படி வந்தவைதான்.

முயல் நிறத்தின் மரபு பற்றிய ஆராய்ச்சிக்கு வயது நூறைத் தாண்டுகிறது. மெண்டலின் விதிகள் 1900இல் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தபின், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் காசில் முயல்களை இணைசேர்த்து நிறங்களின் மரபை ஆராய்ந்தார். 1909இல் அதை நூலாக வெளியிட்டார். அவர் எழுத்துக்களால் குறித்த மரபணுக்களை இன்று டிஎன்ஏவில் விரல்வைத்துக் காட்ட முடிகிறது. ‘ஏ’ என்பது அகூட்டி, ‘பி’ கறுப்பைப் பழுப்பாக்குவது, ‘சி’ டைரோசினேஸ், ‘டி’ கறுப்பை நீலச் சாம்பலாக நீர்க்கவைப்பது, ‘இ’ கறுப்பு எவ்வளவு தூரம் பரவ வேண்டும் என்று தீர்மானிப்பது. கறுப்பு ஜோடிக்கு நீலக் குட்டி பிறந்தால் இரண்டுமே ‘டி’யின் ஒடுங்கு வடிவத்தை, அதாவது இரட்டையாக வந்தால் மட்டுமே வெளிப்படும் வடிவத்தை, மறைத்துச் சுமக்கின்றன என்று அர்த்தம். அதில் பழுது ஏதுமில்லை. நிறத்தைப் பொறுத்தவரை இது இவ்வளவுதான். நான் அதிகம் கவலைப்படுவது ரோமத்தின் அமைப்பையே மாற்றும் மரபணுக்களைப் பற்றி.

வெல்வெட் மாதிரித் தொட்டால் வழுக்கும் ரெக்ஸ் முயலை எடுத்துக்கொள்வோம். முயலுக்கு இரண்டு அடுக்கு முடி. கீழே குட்டையான மெல்லிய பஞ்சுமுடி, மேலே நீளமான தடித்த காப்புமுடி. ரெக்ஸில் காப்புமுடி வளராமல் பஞ்சுமுடியின் உயரத்திலேயே நின்றுவிடும். மீசை முடிகளும் சுருண்டு குட்டையாகும். 1919இல் பிரான்சின் ஒரு சிற்றூரில் பிறந்த ஓர் ஈற்றில் முதன்முதலில் இது கவனிக்கப்பட்டது. ஊர்ப் பாதிரியார் கிலே அந்தக் குட்டிகளைக் காப்பாற்றி வளர்த்தார். 2011இல் ஆய்வாளர்கள் இதற்கான காரணத்தை எல்ஐபிஹெச் என்ற மரபணுவில் கண்டார்கள். அதில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டிருக்கிறது. அந்த ஓர் எழுத்து போனதால் முயலின் தோற்றமே மாறிவிட்டது. இது ஒடுங்கு பண்பு. சாதாரண முடி கொண்ட இரண்டு முயல்களுக்குத் திடீரென ஒரு வெல்வெட் குட்டி பிறக்கலாம். இன்னொரு விந்தையும் உண்டு: வேறு வேறு வம்சத்தில் வந்த இரண்டு ரெக்ஸ்களைச் சேர்த்தபோது எல்லாக் குட்டியும் சாதாரண முடியோடு பிறந்திருக்கிறது. ரெக்ஸ் முடியை உண்டாக்கக்கூடிய மரபணுக்கள் ஒன்றுக்கு மேல் உண்டு என்று அப்படித்தான் தெரியவந்தது.

ரெக்ஸின் அழகுக்குப் பாதம் விலை கொடுக்கிறது. நாய், பூனைக்கு இருப்பதுபோல முயலின் பாதத்தில் மெத்தைத் தோல் கிடையாது. அங்கே அடர்ந்து வளரும் முடிதான் மெத்தை. ரெக்ஸின் பாதமுடி மெல்லியது. கம்பிவலைத் தரையில் வளர்த்தால் பின்னங்கால் குதிப்பகுதி தேய்ந்து, முதலில் முடி போய், பிறகு தோல் சிவந்து, கடைசியில் புண்ணாகும். கூண்டில் ஈரமும் மூத்திரமும் தேங்கினால் புண் எலும்புவரை போகும். நம்மூரில் கழுவ வசதியாக இருக்கிறது என்று முழுக் கம்பித் தரையோடு கூண்டு செய்வது வழக்கம். ரெக்ஸ் வளர்ப்பவர் அதில் பாதி இடத்துக்காவது வழுவழுப்பான பலகையோ பிளாஸ்டிக் தட்டோ போட வேண்டும். குட்டி எடுக்க வைத்திருக்கும் முயலைத் தேர்ந்தெடுக்கும்போது முதுகு ரோமத்தைத் தடவிப் பார்ப்பதற்கு முன் முயலைத் திருப்பிப்போட்டு பாதத்தைப் பார்க்க வேண்டும். அடர்ந்த பாதமுடி கொண்ட ரெக்ஸ்களையே இணைசேர்த்து வந்தால் சில தலைமுறைகளில் பாதம் தேறும்.

நீளமுடி கொண்ட அங்கோரா முயலைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்: ஈப்போ வெயிலில் அதை வளர்க்கக் கூடாது. சாதாரண முயலின் மயிர் சுமார் ஐந்து வாரம் வளர்ந்து நின்றுவிடும். அங்கோராவில் வளர்ச்சியை நிறுத்தச் சொல்லும் எஃப்ஜிஎஃப்5 என்ற மரபணு சரியாக வேலை செய்யாததால் அது 14 வாரம்வரை வளர்ந்துகொண்டே போகும். ஹிமாச்சலப் பிரதேசத்தின் குலு பள்ளத்தாக்கில் கார்சா என்ற இடத்தில் அவிகாநகர் நிறுவனத்துக்கே ஒரு நிலையம் இருக்கிறது. அங்கோராவை அங்கே வளர்ப்பதற்குக் காரணம் அந்த ஊரின் குளிர். முயலுக்கு 15 முதல் 25 டிகிரிவரை சுகம். 30ஐத் தாண்டினால் உணவு குறையும், ஆண் முயலின் விந்து கெடும், மூச்சு வாங்கும். இதற்கு மேல் ஒரு கம்பளிப் போர்வையைச் சுமக்கச் சொல்வது வதை. நீளமுடிக் குட்டி கடையில் அழகாக இருக்கலாம். அதை வாங்கி வந்தால் முடியை எப்போதும் குட்டையாகக் கத்தரித்தே வைத்திருக்க வேண்டும். குட்டி எடுக்க அதைப் பயன்படுத்தவே கூடாது.

பிடரிமுடி வைத்த ‘லயன்ஹெட்’ முயல் செல்லப்பிராணியாகப் பலருக்கும் பிடித்த ஒன்று. பெல்ஜியத்தில் தோன்றிய இனம். பிடரிக்கான மரபணுவை இரட்டையாகப் பெற்ற குட்டிகள் பிறந்த சில நாட்களில் வித்தியாசமாகத் தெரியும். மற்ற இடமெல்லாம் முடி முளைக்க, இரு விலாவிலும் பின்பக்கம் நோக்கி ஒரு பட்டை மொட்டையாகவே இருக்கும். புதிதாக வளர்ப்பவர் படர்தாமரை என்று பயந்து களிம்பு தேடுவார். பிறந்த முதல் வாரத்துக் குட்டிகளில் இரு பக்கமும் ஒரே அளவில், செதில் இல்லாமல், சுத்தமான தோலோடு மொட்டை இருந்தால் அது மரபு. பூஞ்சை இப்படி அளந்து வைத்து வருவதில்லை.

புள்ளி முயலில் வரும் சிக்கல் வேறு மாதிரியானது, வெளியே தெரியாது. ‘இங்கிலிஷ் ஸ்பாட்’, ‘செக்கர்ட் ஜெயண்ட்’ போன்ற இனங்களில் முதுகெலும்பு நெடுக ஒரு கோடு, விலாவில் புள்ளிகள், மூக்கில் வண்ணத்துப்பூச்சி வடிவம். இதைத் தரும் மரபணு ‘கிட்’. ஒன்று இருந்தால் அழகான புள்ளி. புள்ளிக்கும் புள்ளிக்கும் சேர்க்கை வைத்தால் குட்டிகளில் கால்பங்குக்கு அது இரட்டையாகப் போய்ச் சேரும். அவை கிட்டத்தட்ட வெள்ளையாக, அங்கங்கே நாலைந்து புள்ளியோடு பிறக்கும். வளர்ப்பாளர்கள் இவற்றை ‘சார்லி’ என்பார்கள். குடலைச் சீராக அசைக்கும் செல்களும் இதே மரபணுவை நம்பியிருக்கின்றன. சார்லிகள் பல, பெருங்குடல் வீங்கி, சாணம் தேங்கி, பல மாதங்கள் அவதிப்பட்டுச் சாகின்றன. 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்தத் தொடர்பை உறுதிப்படுத்தியது. ஆகவே புள்ளி முயலை எப்போதும் முழுநிற முயலோடுதான் சேர்க்க வேண்டும். அப்போது பாதிக் குட்டி புள்ளியோடும் பாதி முழுநிறத்தோடும் வரும், சார்லி வராது. புள்ளிக்குப் புள்ளி சேர்த்தாலும் புள்ளிக்குட்டிகள் அதே பாதிதான். ஒரு கூடுதல் புள்ளிகூடக் கிடைக்காத அந்தச் சேர்க்கைக்காகக் கால்பங்குக் குட்டிகளை நோய்க்குக் கொடுப்பதில் எந்த நியாயமும் இல்லை.

இனி மரபு அல்லாதவை. இங்கேதான் ஊர் குறுக்கே வருகிறது. வீட்டு முயலின் பூர்வீகம் ஸ்பெயின், போர்த்துகல், தென்பிரான்ஸ் பகுதி. வறண்ட கோடை, குளிர்ந்த மாரி, பருவத்துக்குப் பருவம் நீண்டு குறையும் பகல். பேராக்கில் மழையும் புழுக்கமும் ஆண்டு முழுவதும். பகலின் நீளம் ஆண்டு முழுவதும் அரைமணி நேர அளவுக்குத்தான் மாறுகிறது. குளிர்நாடுகளில் பகல் நீள்வதும் குறைவதும் முயலுக்கு முடி மாற்றும் காலத்தை உணர்த்தும், அதனால் கொட்டகை முழுதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் முடி மாற்றும். அந்தச் சைகை இங்கே மங்கலாகவே கிடைப்பதால் ஒவ்வொரு முயலும் தன்போக்கில் உதிர்க்கும். ஒன்று முழுசாக இருக்கும்போது பக்கத்துக் கூண்டில் இன்னொன்று திட்டுத் திட்டாகத் தெரியும். பழைய முடிக்கும் புதுமுடிக்கும் நடுவே தெளிவான எல்லைக்கோடு ஓடி, தோல் சுத்தமாக இருந்தால் அது உதிர்வுதான்.

சினையான பெண் ஈனும் தறுவாயில் தன் வயிற்றிலும் தாடைக்கடியிலும் முடியைப் பிடுங்கிக் கூடு மெத்தை செய்யும். முயலின் சினைக்காலம் சுமார் 31 நாள். சினையாகாமலே சினையானதாக உடம்பு நினைத்துக்கொள்ளும் பொய்ச்சினையிலும் 16, 18 நாளில் பிடுங்கும். வயிற்றில் மட்டும் மொட்டையாக இருக்கும் பெண் முயலைக் கண்டால் மருந்துக்குப் போகும் முன் நாள்காட்டியைப் பாருங்கள். வெயிலூரில் கூட்டில் அளவுக்கு மீறி முடி குவிந்தால் குட்டிகள் சூடேறித் துவளும், கொஞ்சம் எடுத்து வைத்துவிடலாம். பெல்லட் தீனி மட்டும் போட்டுப் புல் கொடுக்காமல் வளர்த்தால் நார்ச்சத்துப் போதாமல் முயல்கள் ஒன்றன் முடியை ஒன்று மேய்வதும் நடக்கும். அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த தோட்டத்துக் குடும்பங்களில் இது புதுச் சிக்கல். தோட்டத்து லய வீடுகளைச் சுற்றிப் புல்லுக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

தீபகற்ப மலேசியாவிலேயே அதிக மழை பெய்யும் ஊர் தைப்பிங். அப்படிப்பட்ட ஈரத்தில், தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் வழிந்தால், பெண் முயலின் தாடைக்குக் கீழே தொங்கும் தோல்மடிப்பு காயவே காயாது. அந்த முடி ஒருநாள் பச்சையாகவோ நீலப்பச்சையாகவோ மாறியிருப்பதைப் பார்த்து அதிர்ந்துபோகிறவர்கள் உண்டு. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா சுரக்கும் சாயம் அது. நிறமரபுக்கு அதில் சம்பந்தம் இல்லை. ஈரமான முடியைக் கத்தரித்து, தோலை உலர்த்தி, கிண்ணத்துக்குப் பதிலாக நுனிக்குழாய்ப் புட்டி மாட்டினால் பெரும்பாலும் போதும். தோல் புண்ணாகியிருந்தால் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும்.

சொறியை அடையாளம் காண்பது எளிது. மூக்கு நுனியிலும் உதட்டிலும் கால்விரலிலும் வெள்ளைப் பொருக்குக் கட்டி, முயல் ஓயாமல் சொறிந்தால் சொறிப்பூச்சி. காதுக்குள் பழுப்புநிறப் பொருக்கு அடுக்கடுக்காக ஏறினால் காதுப்பூச்சி. அதைக் கையால் உரிக்கவே கூடாது, வலி தாங்காது. மருந்து போட்டால் தானே கழன்று விழும். முதுகில் பொடுகு அதிகமாக இருந்தால் கறுப்புத் தாளை விரித்து அதன்மேல் முடியை வாரிவிட்டுச் சற்று உற்றுப் பாருங்கள். விழுந்த பொடுகில் சில துகள்கள் நகரும். செய்லெட்டியெல்லா என்ற பூச்சி அது. ஐவர்மெக்டின் போன்ற மருந்தை மருத்துவர் எடை பார்த்துக் கொடுப்பார். நாய், பூனை உண்ணிக்குப் பிடரியில் விடும் ஃபிப்ரோனில் மருந்தை மட்டும் முயலுக்கு விடவே விடாதீர்கள், அது முயலைக் கொல்லக்கூடும்.

படர்தாமரை வீட்டாருக்கும் ஒட்டும். முகத்திலும் காதோரத்திலும் காலிலும் வட்டமாக முடி போய்ச் செதில் உதிரும். குட்டியைக் கொஞ்சும் பிள்ளைகளின் கையில் சிவப்பு வளையம் எழுந்தால் முயலையும் பார்க்க வேண்டும். சில முயல்கள் வெளியே எதுவும் காட்டாமலே பூஞ்சையைச் சுமக்கும். மரக்கூண்டில் அதன் வித்துக்கள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கண்ணால் பார்த்து நிச்சயிக்க முடியாதபோது தோல் சுரண்டலைச் சோதிக்கச் சொல்லுங்கள். கால்நடை ஆராய்ச்சி நிலையம் ஈப்போவிலேயே இருக்கும் ஊர் இது.

கறுப்பு முயலின் முதுகு செம்பட்டையாவதற்குப் பெரும்பாலும் வெயில்தான் காரணம். கூண்டை நிழலுக்கு நகர்த்தினால் அடுத்த முடி கறுப்பாக வரும். தீனியில் தாமிரம் குறைந்தாலும் கறுப்பு முடி நரைக்கும் என்பது பரிசோதனைகளில் தெரிந்த விஷயம்.

இத்தனையும் விலக்கிய பின்னும், ஒரே ஆண் முயலின் பிள்ளைகளில் மட்டும் ஒரே மாதிரிக் குறை திரும்பத் திரும்ப வந்தால் அப்போது மரபைச் சந்தேகிக்கலாம். தோட்டப்புறத்தில் நல்ல ஆண் ஒன்று அமைந்துவிட்டால் அதைக் கேட்டு வாங்கிப்போய்ச் சேர்ப்பது பழக்கம். சுற்றிலும் பிறக்கும் குட்டிகள் எல்லாம் அண்ணன் தங்கையாகிவிடும். ஒடுங்கு மரபணு ஒளிந்திருக்க இதைவிட வசதியான இடமில்லை, வெளிப்படவும் இதைவிடச் சுலபமான வழியில்லை. முடியே முளைக்காத முயல் வம்சத்தைக் காசில் 1933இலேயே விவரித்திருக்கிறார். அதுவும் ஒடுங்கு பண்புதான்.

ஓர் ஆண் ஏதாவது ஒடுங்கு பண்பைச் சுமக்கிறதா என்று சோதிக்கக் கணக்கு ஒன்று உண்டு. ரெக்ஸை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். சாதாரண முடி கொண்ட ஆணை ரெக்ஸ் பெண்ணோடு சேர்க்க வேண்டும். ஆண் அதைச் சுமந்தால் ஒவ்வொரு குட்டியும் ரெக்ஸாக வர ஐம்பது விழுக்காடு வாய்ப்பு. ஏழு குட்டி பிறந்து ஏழும் சாதாரண முடியோடு வந்தால், சுமந்தும் அது தற்செயலாக மறைந்திருக்க வாய்ப்பு 128இல் ஒன்று. ஒரு நல்ல ஈற்றிலேயே முடிவு தெரிந்துவிடும். பண்பு வெளிப்பட்ட பெண் கைவசம் இல்லையென்றால், ஆணை அதன் சொந்த மகள்களோடு சேர்த்துப் பார்ப்பார்கள். ஏறக்குறைய அதே அளவு உறுதி கிடைக்க எட்டு மகள்கள், ஒவ்வொன்றுக்கும் எட்டுக் குட்டி, எல்லாம் குறையில்லாமல் பிறக்க வேண்டும். அது நீண்ட, செலவான வழி. நெருங்கிய உறவில் பிறந்த அந்த 64 குட்டிகளை இனவிருத்திக்கு வைத்துக்கொள்ளவும் கூடாது, இறைச்சிக்கோ செல்லப்பிராணியாகவோ கொடுத்துவிட வேண்டும்.

இதற்கு வேண்டிய கருவி ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு ஈற்றுக்கும் தேதி, தாய், தந்தை, பிறந்த குட்டி, அவற்றின் நிறம், முடியின் வகை, பாதம் எப்படி இருந்தது, முடி முளைத்த மாதத்தில் கொட்டகையின் வெப்பம் எவ்வளவு. கடைசியில் சொன்ன அந்த ஒரு குறிப்பை ஈப்போவில் கலிபோர்னியன் வளர்ப்பவர் தவறவிடக் கூடாது. காது வெளுத்த முயலைக் கழிப்பதா வைத்துக்கொள்வதா என்ற கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கும்.